தெற்கே என்று எழுதினார்கள்

ஜனவரி 16

திபொரோன், என் ஊர் மீனவர் சங்கக் கட்டடம். காற்றாலைத் திட்டம் வரையும் அலுவலகத்தின் ஆளாகப் போயிருந்தேன். அப்பாவுக்கு எதிரே உட்காரவேண்டியதாயிற்று.

காப்பி, பாதாம் கேக். மேசை நிறைய வடகடல் வரைபடம், வண்ணப் பேனாக்கள். என் மேலாளர் பொடில் எழுந்து சொன்னாள்: "நீங்க எங்க வலை போடுறீங்களோ அங்க வண்ணம் தீட்டுங்க. காற்றாலை வைக்கிறப்ப அந்த இடத்தைத் தவிர்க்கப் பார்ப்போம்."

பதினொரு படகுக்காரர்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி பேனாவை எடுத்தார்கள். எல்லோரும் தெற்கே, கல்பாரின் மேல் தீட்டினார்கள். அடியெல்லாம் பாறை. வலை போட்டால் கந்தலாகத்தான் திரும்பும். இருபது வருடமாக அங்கே யாரும் போவதில்லை என்பது இந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும்.

அப்பா மஞ்சள் பேனா. நிதானமாக, கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டினார்.

நான் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17

ஏழு வயதில் முதல்முறை அவரோடு கடலுக்குப் போய் வந்தபோது, கரையில் கால் வைக்குமுன் கேட்டார்:

"எங்க போனீங்கன்னு யாராவது கேட்டா?"

"தெக்கே."

"எவ்வளவு தூரம்?"

"நான் தூங்கிட்டேன்."

பெருமையாகச் சிரித்தார். பள்ளியில், இன்னொரு படகுக்காரர் தோர்கிலின் மகள் கேட்டாள், தெக்கே என்றேன். அவள் அப்பா எங்கே என்று கேட்டேன். அவளும் தெக்கே என்றாள். இரண்டு பேரும் வடக்கே பார்த்தபடி நின்றோம்.

ஜனவரி 23

அரசுப் பதிவேடுகள் வந்துவிட்டன. பதினைந்து வருடம். சிறிய படகுகளில் செயற்கைக்கோள் கருவி கிடையாது. கடல் வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் பிடித்தேன் என்று படகுக்காரரே எழுதிக் கையெழுத்துப் போடுவார். கணினியில் ஏற்றினேன். கல்பார் சிவப்பாக எரிகிறது. வடமேற்கே, அப்பா உண்மையில் வலை போடும் மணல்மேடு – வெள்ளை. ஒரு மீன்கூட இல்லை.

பொடில் என் தோளுக்குமேல் குனிந்து பார்த்தாள். "இவ்வளவு சுத்தமா ஒரு காலி இடம் நான் பார்த்ததே இல்ல."

பதிவேடுகளை எழுதியவர்களில் ஒருவர் என் அப்பா என்று அவளுக்குத் தெரியும். மற்றது தெரியாது.

பிப்ரவரி 2

காற்றாலை வேண்டாம் என்று நான் நினைக்கிறேனா? இல்லை. கடல் சூடாவதைப் பற்றி நானூறு பக்கம் எழுதித்தான் பட்டம் வாங்கினேன். காட் மீன் வடக்கே போய்விட்டது, திரும்பி வராது. எங்கேயாவது காற்றைப் பிடித்தாக வேண்டும். அந்த எங்கேயாவதில் யாராவது இருப்பார்கள்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. ஆர்ஹூஸ் நகரத்தில், நாலாவது மாடி அலுவலகம்.

பிப்ரவரி 15

வரைவுத் திட்டம் வெளியானது. எழுபத்திரண்டு காற்றாலைகள், மணல்மேட்டின் மேல். கல்பார் முழுவதும் விடப்பட்டிருக்கிறது, "மீனவர்களின் நலன் கருதி". அந்த வாக்கியம் என்னுடையது. ஆட்சேபம் சொல்ல மார்ச் 14 வரை.

வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா தன் படகான ஈடாவில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன்," என்றார். "கல்லைக் காப்பாத்திட்டீங்க. கல்லு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

"நீங்கதானே மஞ்சள் அடிச்சீங்க."

"தோர்கில் பக்கத்துல உட்கார்ந்திருந்தான். வேற எங்க அடிக்கச் சொல்றே?"

"இப்ப சொல்லுங்க. எழுத்துல குடுங்க. நான் சேர்த்துடுறேன்."

"பதினஞ்சு வருஷமா பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு எழுதணும். அதுவும் என் பொண்ணு கையில குடுக்கணும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ரொட்டி உள்ளே இருக்கு. ஹெர்ரிங் மீன் போட்டுக்க."

சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 8

மீன் ஏலக்கூடத்தில் தோர்கில். கைகுலுக்கவில்லை.

"வாம்மா, வரைபடம் போடுற பொண்ணு. எங்களுக்கும் ஒரு காற்றாடி குடேன், தோட்டத்துல வச்சுக்கிறோம்."

"உங்க இடம் உள்ளே வருதா தோர்கில்?"

"என் இடமா? நான் தெக்கேதான்." கண் சிமிட்டவில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி: "உன் அப்பன் எங்க போடுறான்னு இருபது வருஷமா தேடுறேன். எப்பவும் அவனோட தட்டைமீன்தான் தடிமனா இருக்கு."

அங்கேயே சிரித்தோம், இரண்டு பேரும். வண்டியில் ஏறியபிறகு அழுகை வந்தது. அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

மார்ச் 13

அப்பா பேருந்தில் ஆர்ஹூஸ் வந்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை. மேலே ஏறி வரமாட்டேன் என்று அலுவலக வாசலிலேயே நின்றார். ரொட்டிப் பையில் சுற்றி ஒரு நோட்டுப்புத்தகம்.

"எல்லாம் இதுல இருக்கு. தேதி, இடம், எத்தனை பெட்டி. உண்மையானது."

"உள்ளே வந்து காப்பியாவது –"

"வேண்டாம். யார் யார் படிப்பாங்க?"

"அலுவலகத்துல. துறையில ரெண்டு மூணு பேர்."

"சரி."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போனார். நோட்டில் இன்னும் டீசல் வாசம்.

மார்ச் 14

பொடில் இரண்டு மணி நேரம் படித்தாள். கெட்டவள் இல்லை அவள். அதுதான் கஷ்டம்.

"ஒரே ஆளோட ரெண்டு பதிவு. ரெண்டும் அவரு கையெழுத்து. எது பொய்னு நான் எப்படி முடிவு பண்றது?"

"எது பொய்னு எனக்குத் தெரியும்."

"நீ அவரு பொண்ணு." நோட்டை மூடி வைத்தாள். "நகர்த்தணும்னா எங்க நகர்த்துறது? தெக்கே கல்பார், அதைத் தாண்டினா கப்பல் பாதை. வடக்கே உன் வாத்துங்க."

என் வாத்துகள். இரண்டு குளிர்காலம் விமானத்தில் பறந்து எண்ணினேன். எட்டாயிரம் கருவாத்துகள், ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் மட்டும். அவற்றைப் பொய்யென்று யாரும் சொல்லமுடியாது. அவை எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன.

மாலை நான்கு மணிக்கு நோட்டின் நகலைச் சேர்த்தேன். இணைப்பு 14.

மே 20

இறுதி அறிக்கை. இணைப்பு 14 பற்றி ஒரே வரி: "கவனத்தில் கொள்ளப்பட்டது, அதிகாரபூர்வப் பதிவுகளோடு ஒத்துப்போகவில்லை." எழுபத்திரண்டும் அங்கேயேதான்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரி," என்றார். பிறகு வானிலை பற்றிப் பேசினார்.

மே 21

இணைப்புகள் எல்லாம் துறையின் இணையதளத்தில் போடப்படும். எல்லா இணைப்புகளும். எப்போதும் அப்படித்தான். நானே எத்தனை முறை பதிவேற்றியிருக்கிறேன்.

ரெண்டு மூணு பேர்னு சொன்னேனே. ஏன் சொன்னேன்? மறந்தேனா, மறக்க வசதியாக இருந்ததா?

ஜூன் 3

அப்பா கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவதே இல்லை.

"இன்னைக்குக் காலையில மணல்மேட்டுல பத்துப் படகு. என்னோடது பதினொண்ணு."

கணினியில் இணைப்பு 14-ஐத் திறந்தேன்.

"தோர்கில் பக்கத்துல வந்து கை ஆட்டினான். 'நல்ல இடம் எவால்ட், ரொம்ப தெக்கே'ன்னு என்கிட்ட சொன்னான்."

"அப்பா, எனக்குத் தெரியாம –"

"தெரியாமயா? நீ படிச்சவ."

வைத்துவிட்டார்.

ஜூன் 19

பொடிலிடம் பொய் சொல்லி விடுப்பு. எங்கும் போகவில்லை.

ஆகஸ்ட் 30

மணல்மேட்டில் இனி பிடிக்க ஒன்றுமில்லை என்று தோர்கிலின் மகள் எழுதியிருக்கிறாள். அறுபது நாளில் வழித்தெடுத்துவிட்டார்கள். எப்படியும் போகப்போகிறதுதானே என்று எல்லோரும். அப்பாவும் போட்டாராம், கடைசி வாரம்வரை, ஓரத்தில்.

அப்பாவுக்குத் துறையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும். பதினோரு பேரும் பொய் எழுதினார்கள். ஒப்புக்கொண்டவருக்குக் கடிதம்.

டிசம்பர் 24

போனேன். வாத்து வறுவல், உருளைக்கிழங்கு. காற்றாலை பற்றி யாரும் பேசவில்லை. புறப்படும்போது அப்பா, "காவல் படகு கேக்குறாங்க," என்றார். "கட்டுற வேலை நடக்கிற வரைக்கும். சும்மா நின்னு, வர்ற படகைத் தள்ளிப் போகச் சொல்லணும். ஈடாவுக்கு வயசாச்சு, நிக்குறதுதான் சரி."

"நீங்க?"

"எனக்கும்தான்."

ஏப்ரல் 26

முதல் தூண் அடித்தார்கள். சத்தத்தைத் தடுக்கக் குமிழித் திரை போட்டும் கடற்பன்றிகள் இருபது கிலோமீட்டர் விலகிப் போயிருக்கின்றன. திரும்பிவரும் என்று எழுதினேன். வழக்கமாக வரும்.

ஜூலை 11

ஆய்வுக் கப்பலில் இரண்டாம் நாள். பறவை எண்ணும் பணி. கடல் தட்டாக இருக்கிறது. மஞ்சள் தூண்கள் இருபத்தாறு நிற்கின்றன, இன்னும் இறக்கை வைக்கவில்லை. அவற்றின் அடியில் சிப்பி ஒட்டத் தொடங்கிவிட்டது என்று முக்குளிப்பவர் சொன்னார். மீன் கூடும், நிறைய. பிடிக்கத்தான் அனுமதி இல்லை.

தூரத்தில் நீலமாக ஒரு சின்னப் படகு, நின்ற இடத்திலேயே. தொலைநோக்கியை எடுத்துப் பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு ரேடியோ கரகரத்தது. காவல் படகுகள் மணிக்கு ஒருமுறை தாங்கள் நிற்கும் இடத்தைப் பொது அலையில் சொல்லவேண்டும். எல்லாக் கப்பலும் கேட்கும்.

"காவல் படகு ஈடா," என்றது அப்பாவின் குரல். பிறகு எண்கள். பாகை, நிமிடம், அதற்குப் பின்னால் மூன்று இலக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நிதானமாகச் சொன்னார். கோட்டுக்கு வெளியே போகவில்லை.

கப்பல் தலைவர் வரைபடத்தில் குறித்துக்கொண்டார். நான் சரிபார்க்கவில்லை. அப்பாவின் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த அதே எண்கள்.

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் சொன்னார்.