நான்கில் ஒரு பங்கு வீக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல் கேட்க இந்த முறை மனசு வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். எங்கள் ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளை, எழுதியவர் பெயரை மறைத்து என்னிடம் கொடுப்பார்கள். நான் மொழி திருத்தி அனுப்புவேன். இப்போதெல்லாம் பாதிக் கட்டுரைகள் மனிதர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்றே தெரிவதில்லை. அடிக்குறிப்பில் உள்ள புத்தகத்தைத் தேடினால் அப்படி ஒன்று உலகத்திலேயே இருக்காது. அதுகூடப் பழகிவிட்டது.

திங்கட்கிழமை வந்ததோ எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. "நின்று உழைப்போருக்குப் பூமாலையில் நான்கில் ஒரு பங்கு வீக்கம் கூடும்" என்று முதல் வரி. மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. மாலையில் கால் வீக்கமாம்! எழுத்துக் களவைப் பிடிக்கும் மென்பொருளின் கண்ணில் மண்ணைத் தூவ, யாரோ பழைய ஆய்வேடு ஒன்றைச் சொல் மாற்றும் இயந்திரத்தில் போட்டு அரைத்திருக்கிறார்கள். ஆடுசதையை நீவிவிட வேண்டும் என்பது "வெள்ளாட்டு இறைச்சியைத் தடவ வேண்டும்" என்று ஆகியிருந்தது. நான் சத்தமாகப் படிக்க, அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

பாதியில் என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே ஒரு வரி மட்டும் அடிபடாமல் இருந்தது. நோயாளி சொன்னதாகப் பேச்சுத் தமிழில் ஒரு வரி: "சாயங்காலம் ஆனா என் செருப்பே எனக்குப் பத்த மாட்டேங்குதுடா." பேச்சுத் தமிழ் இயந்திரத்துக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது, தொடாமல் விட்டுவிட்டது. எந்த நோயாளி ஆய்வு செய்ய வந்தவரை 'டா' போட்டுப் பேசுவார்? தம்பி, அது அம்மா சொன்னது. தையல்கூடத்தில் நாளெல்லாம் நின்று துணி வெட்டிவிட்டு வந்து உன்னிடம் காலை நீட்டிச் சொன்னது. உன் ஆய்வே அதிலிருந்துதானே தொடங்கியது.

என் தம்பியின் ஆய்வை எவனோ திருடிவிட்டான் என்று எங்கள் இதழின் ஆசிரியரம்மாவின் அறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் ஓடினேன். அவனைச் சும்மா விடக்கூடாது என்று குதித்தேன். அவர் மறைத்திருந்த பெயர்களைத் திறந்தார். நான்கு பெயர்கள். முதல் இரண்டும் யாரென்றே தெரியவில்லை. மூன்றாவது நீ.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் காலுக்கே நீ மூன்றாம் ஆளா? கட்டுரையை இதழில் ஏற்றித் தருகிறோம் என்று ஒரு கூட்டம் அலைகிறதாம். முதல் இடத்தை வேறு யாருக்கோ விற்றுவிட்டு எழுதியவனைப் பின்னால் தள்ளிவிடுவார்களாம், ஆசிரியரம்மா சொன்னார். கல்லூரியில் வேலை நிரந்தரமாகக் கட்டுரை கேட்டுக் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று நீ புலம்பியதை நான் மறக்கவில்லை. அதற்காக இப்படியா செய்வாய்?

இனி அந்தக் கட்டுரைப் பக்கம் நான் போகக் கூடாது, வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். உங்கள் நால்வரிடமும் விளக்கம் கேட்டு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கும். நீ இதுவரை வாய் திறக்கவில்லை. முதல் பெயர்க்காரர் அன்றே பதில் போட்டுவிட்டார் என்று ஆசிரியரம்மா சொன்னார். மூன்றாம் பெயரால்தான் சிக்கல் என்றால் அதை எடுத்துவிடச் சம்மதமாம்! உன் ஆய்விலிருந்து உன்னையே கழற்றிவிடப் பார்க்கிறார்கள், நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தன் காலைப் பற்றிப் புத்தகத்தில் வரப்போகிறது என்று தையல்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வந்ததும் நான் படித்துக் காட்ட வேண்டுமாம். எதைப் படித்துக் காட்டுவேன், வெள்ளாட்டு இறைச்சியையா?

உன்மேல் கோபம் ஆறவில்லை. இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன். இது என் ஆய்வு, இன்னாரிடம் கொடுத்தேன் என்று அலுவலகத்துக்கு நீயே எழுதிவிடு, தெரிந்தே கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுது. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. ஆனால் அந்தப் பதிலை எந்த இயந்திரத்திடமும் கேட்டு எழுதாதே. உன் வார்த்தையில் எழுது. கால் என்றால் கால் என்றே எழுது.

நீ நன்றாக இருக்க வேண்டும்டா.

கோபம் தீராத,
உன் அக்கா.