திரைக்கு இந்தப் பக்கம்

மாசி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் அத்தான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையற்காரி எழுதும் கடிதம்.

ஆற்றுப் பாலம் உடைந்து ரயில் அக்கரையிலேயே நின்றுபோன வருஷம். சினிமாக் கொட்டகை எரிந்ததும், மண்ணெண்ணெய்க்கு ஆளாளுக்கு வரிசையில் நின்று அடித்துக்கொண்டதும் அதே வருஷம்தான். அப்போதுதான் நானும் உன் அக்காவும் லாரியில் ஏறி உன் கோயிலுக்கு வந்தோம். நீ மணியடிக்கிற வேலையில் புதிதாய்ச் சேர்ந்திருந்தாய். அப்போது உனக்கு இரண்டு காதும் கேட்கும்.

நாங்கள் உள்ளே போனபோது திரை போட்டிருந்தார்கள். அலங்காரம் ஆகிறது, நேரமாகும் என்றார்கள். வெளியே லாரிக்காரன் ஹாரனை விட்ட பாடில்லை. திரையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மூலவரைக் காணாமல் போகிறவர்களின் யாத்திரை முடிவதில்லை, அது பாதி வழியிலேயே நிற்கும் என்று குருக்கள் யாருக்கோ சொன்னது உன் அக்கா காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தக் கோயிலுக்குக் கூப்பிட்டாலும், "ஒண்ணு பாதியில நிக்குது, இன்னொண்ணு எதுக்கு" என்பாள்.

இப்போது அவளுக்கு இதயம் வீங்கியிருக்கிறதாம். படி ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். இனித் தள்ளிப்போட முடியாது. கூட்டிக்கொண்டு வரட்டுமா? திரை எந்த நேரத்தில் விலகும் என்று கேட்டு எழுது. போனில் கேட்கலாம் என்றால் நான் சொல்வது உனக்குக் கேட்பதில்லை; நீ கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்துவிடுகிறார்.

அத்தான்
(பெருவிரல் ரேகை)


மாசி 21

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு,

இப்போது வராதீர்கள். திருப்பணிக்காகக் கருவறையை மூடிவிட்டார்கள். கல்லில் இருக்கிற சக்தியை மந்திரம் சொல்லிக் குடத்து நீரில் இறக்கி, அங்கிருந்து ஒரு மரப் பலகையில் எழுதிய படத்துக்கு மாற்றி, வெளிப் பிராகாரத்தில் கொட்டகை போட்டு வைத்திருக்கிறார்கள். பாலாலயம் என்று பெயர். பூஜையெல்லாம் பலகைக்குத்தான். கும்பாபிஷேகத்தன்று மறுபடி கல்லுக்கே எழுந்தருளச் செய்வார்கள். வைகாசியில் நாள் குறித்தாகிவிட்டது. இத்தனை வருஷம் பொறுத்த அக்கா இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். முதல் தீபாராதனையில் அவளை வாசலுக்கு நேரே நிறுத்துவது என் பொறுப்பு.

ஸ்தபதி ஒன்று சொன்னார். கோயில் என்பது மல்லாந்து படுத்திருக்கும் மனிதராம். ராஜகோபுரம் பாதம், மகாமண்டபம் மார்பு, அர்த்தமண்டபம் கழுத்து, கருவறை தலை. நாம் காலடியில் நுழைந்து தலைக்குப் போகிறோமாம். அக்காவிடம் சொல்லுங்கள்.

சின்னவன்


பங்குனி 6

சின்னவனுக்கு,

தையற்காரி வாசித்துக் காட்டினாள். படுத்திருக்கும் மனிதர் என்று வந்ததும் உன் அக்கா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "அப்ப நானும் கோயில்தான். மூடித்தான் கிடக்கேன், திருப்பணிதான் நடக்கல" என்றாள். இதை எழுத வேண்டாம் என்கிறாள் தையற்காரி. எழுது என்கிறாள் உன் அக்கா. எழுதியாகிவிட்டது.

உண்மையிலேயே படுக்கைதான். கால் இரண்டும் தலையணை மாதிரி ஆகிவிட்டன. பஸ் டிப்போவில் அவ்வளவு பெரிய டயர்களைக் கழற்றி மாட்டியவன் நான். இவளைப் புரட்டிப் படுக்கவைக்கத் தையற்காரியைத் துணைக்குக் கூப்பிடுகிறேன். வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டாள்.

வைகாசி வரை தாங்குவாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் ஒன்று செய். கோபுர வாசலிலிருந்து உள்ளே போகும் வழியை விவரமாய் எழுது. கூட்டத்தில் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் அன்றைக்குப் பார்த்தாளாம்.

அத்தான்
(பெருவிரல் ரேகை)


வைகாசி 2

அத்தானுக்கு,

எழுதக் கை வரவில்லை. கருவறை வாசலுக்கு மேலே படுத்திருக்கிற கல்லில் விரிசல் கண்டிருக்கிறது. அதை மாற்றாமல் கும்பாபிஷேகம் கூடாது என்று ஸ்தபதி எழுந்து போய்விட்டார். வேறு கல் வெட்டி, கொண்டுவந்து, ஏற்றி வைத்தாக வேண்டும். ஆவணி ஆகும் என்கிறார்கள். குருக்களிடம் போய், அக்காவுக்காக ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து காட்ட முடியாதா என்று கேட்டேன். "திறக்கலாம்ப்பா. உள்ள யாரு இருக்கா?" என்றார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொட்டகைக்காவது கூட்டி வாருங்கள். பலகையில் இருப்பதும் அவர்தான்.

வழி கேட்டாளே. கோபுர வாசலில் அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். அதைத் தாண்டினால் திறந்த வெளி, வெயில். கொடிமரம், அதன் பின்னால் படுத்திருக்கும் பெரிய கல் நந்தி. அதன் காதோரம் ஆட்கள் கைவைத்துக் கைவைத்துக் கல் வழுவழுவென்று ஆகிவிட்டது. பிறகு மகாமண்டபம். தூணுக்குத் தூண் யாளி நிற்கும்; அதன் வாய்க்குள் ஒரு கல் உருண்டை உருளும், வெளியே எடுக்க வராது. அங்கிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் கூரை இறங்கும், வெளிச்சம் குறையும், சத்தம் குறையும். அர்த்தமண்டபத்தில் பேசவே தோன்றாது. கடைசியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. வெளியே அத்தனை உயரம் கட்டியதெல்லாம் இந்தச் சின்ன இருட்டுக்காகத்தான்.

சின்னவன்


வைகாசி 17

சின்னவனுக்கு,

ஆம்புலன்ஸ்காரர் வந்து பார்த்தார். அவ்வளவு தூரம் தாங்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலகையைப் பற்றி உன் அக்காவிடம் சொன்னேன். "வேணாம்னு சொல்லல. பலகையும் சாமிதான். ஆனா என்னைத் திருப்பி அனுப்புனது கல்லுதானே" என்றாள்.

உன் கடிதத்தை ஒருமுறை வாசிக்கக் கேட்டேன், மனசில் ஏறிவிட்டது. தினமும் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வருகிறாள். நந்தி பக்கம் போனால், கொஞ்சம் மெதுவாய்ப் போங்கள், கால் வலிக்கிறது என்பாள். யாளி வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வேண்டும், நில்லுங்கள் என்பாள். கருவறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுகிறாள். திரை போட்டிருக்கிறதாம்.

நேற்று நான் பொறுமை இழந்து, திரையை நானே விலக்கிச் சொல்கிறேன், கேள் என்றேன். "நீங்களே பாத்ததில்ல, என்னத்த சொல்லப் போறீங்க" என்றாள்.  நீயாவது எழுது. உள்ளே எப்படி இருப்பார்?

அத்தான்
(பெருவிரல் ரேகை)


ஆடி 28

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். தீபம் காட்டும் அந்தக் கொஞ்ச நேரம்தான் மூலவர் முகம் துலங்கும். மற்ற நேரம் எல்லாம் கறுப்புத்தான். அந்த நேரத்தில் என் கை மணிக்கயிற்றில் இருக்கும், என் முகம் சுவரைப் பார்த்து இருக்கும். காது போகும் வரைக்கும் அங்கேயே நின்றவன், ஒருநாளும் முழுசாய்ப் பார்த்ததில்லை. இதை எப்படி அக்காவுக்கு எழுதுவது?

புதுக் கல் ஏறிவிட்டது. ஆவணி பன்னிரண்டு கும்பாபிஷேகம். யாகசாலை வேலையில் இருக்கிற எல்லோருக்கும் நாளைக்குக் காப்புக் கட்டுகிறார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, துக்க வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால்தான் இன்றே எழுதுகிறேன். அக்கா எப்படி இருக்கிறாள்? ஒரு வரி போதும்.

சின்னவன்


ஆவணி 13

அத்தானுக்கு,

பதிலே இல்லையே. நேற்று நல்லபடியாக நடந்து முடிந்தது. முதல் தீபாராதனைக்கு மணிக்கயிற்றை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அக்காவுக்காக வாசலுக்கு நேரே போய் நின்றேன். பார்த்துவிட்டேன், அத்தான். காகிதத்தில் எழுதமாட்டேன், அவளுக்கு நேரில்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை காப்பு அவிழ்க்கிறார்கள். அவிழ்த்ததும் வண்டியோடு வருகிறேன். தாங்கமாட்டாள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நானே தூக்கிக்கொண்டு வருவேன்.

சின்னவன்


ஆவணி 18

சின்னவனுக்கு,

இது வரும்போது உன் கையில் காப்புக் கயிறு இருக்காது. அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

உன் அக்கா போய்விட்டாள். உனக்குக் காப்புக் கட்டிய எட்டாம் நாள் காலையில். உன் கடிதத்தில் காப்பு என்று கேட்டதுமே என்னிடம் சொல்லிவிட்டாள்: "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அதை அவுக்கிற வரைக்கும் அவன்கிட்ட சொல்லாதீங்க. வரவும் முடியாம, அங்க நிக்கவும் முடியாம தவிப்பான்." அவள் சொன்னபடி செய்தேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தீட்டு எத்தனை நாள் என்று குருக்களிடம் கேட்டுக்கொள்.

போவதற்கு முதல் நாள் சாயங்காலமும் உள்ளே நடந்தோம். அன்றைக்கு எங்கும் நிற்கச் சொல்லவில்லை. வாசலில் மட்டும் நின்றாள். திரை இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு. நீங்க வேணா முன்னால போங்க, நான் நிக்கிறேன்" என்றாள். பேசியது அவ்வளவுதான்.

கடைசியில் பார்த்துவிட்டாள் என்று எழுதட்டுமா, அவருக்கு ஆறுதலாக இருக்குமே என்று தையற்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். பார்க்கவில்லை. மாசியில் நீ, வராதீர்கள் என்று எழுதியது இனி உன்னைத் தூங்கவிடாது என்று எனக்குத் தெரியும். கல்லில் விரிசல் கண்டதற்கு நீ என்ன செய்வாய்? நான்தான் என்ன செய்வேன்?

வெறுங்கையோடு வந்தாலும் வா. நீ பார்த்ததை என்னிடம் சொல். கத்தித்தான் சொல்லுவாய், பரவாயில்லை.

உன் பெரிய அண்ணன் பாலம் உடைந்த மறு வருஷமே போனார். கடைக்கார அண்ணன் கடையிலேயே சாய்ந்தார். வாயாடி என்று நீங்கள் கூப்பிட்ட நடு அக்கா பேச்சு நின்று போனாள். இப்போது இவள். உங்கள் அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் இனி இருப்பது நீ ஒருவன்தான், சின்னவனே.

அத்தான்
(பெருவிரல் ரேகை)