சத்தமில்லாமல் போன ஃபிளாஸ்க்

அன்புள்ள அம்மாவுக்கு மோய்ரா எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் முழுசாக இருக்கிறேன்.

லீவு நாளில் நானும் உடன் வேலை செய்யும் கார்லாவும் ரெவல்ஸ்டோக் மலையில் பனிப்பலகையில் சறுக்கப் போனோம். உச்சியில் பலகையை மாட்டக் குனிந்தபோது என் ஃபிளாஸ்க் நழுவியது. கண்ணாடியாய் இறுகிய பனியில் வழுக்கி, பாறை விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

“பலகைய முதுகுல கட்டுடி. பூட்ஸ்ல ஆணிப்பட்டைய மாட்டு, வந்த வழியே இறங்கிடலாம்” என்றாள் கார்லா.

“இவ்ளோ தூரம் ஏறிட்டு, சறுக்காம நடந்தா இறங்கறது?” என்றேன்.

“இந்தப் பனியில சறுக்கினா, ஃபிளாஸ்க்குக்கு அடுத்து நீதான் போவ. உங்கம்மாவுக்கு நான் ஃபோன் பண்ண மாட்டேன்.”

பனிக்கோடரியை ஊன்றி ஊன்றி இறங்கினோம்.

ஒரு ஃபிளாஸ்க்கும் கொஞ்சம் கருவாடும் அனுப்பு. ஞாயிறன்று ஃபோனை எடு. பேச ஒன்றுமில்லை, நீ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும். வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

மோய்ரா