முள்ளில் நிற்காத ஈரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். தவளையைத் தட்டித் தூங்க வைத்த பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எத்தனை சோப்புப் போட்டும் விரலில் பூண்டு வாசனை போகவில்லை. இந்தத் தாளிலும் அடிக்கலாம். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரித்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அண்ணி நலமா? பையன் தேறிவிட்டானா? மாற்றலாகிப் போன இடத்தில் வீடும் தண்ணீரும் பழகிவிட்டதா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பீர்கள். கோழி ஈரலைத் தூண்டில் முள்ளில் நிற்க வைப்பது எப்படி?

அவர் இரை தயார் செய்யும்போது நான் ஒரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "முடிஞ்சதும் சிங்க்கைக் கழுவிட்டுப் போங்க, என் தையல் நூலைத் தொட்டீங்க தெரியும் சேதி" என்று கத்துவதோடு சரி. நீங்கள் இருவரும் பூண்டா பெருங்காயமா என்று சமையலறையில் அடித்துக்கொள்வது மட்டும் காதில் விழும். இப்போது அவர் வழக்கமாக வாங்கும் கறிக்கடைக்குப் போனால் கடைக்காரர், "எப்பவும் போலத்தானேம்மா?" என்கிறார். எப்பவும் போல என்றால் என்னவென்றே தெரியாமல் தலையாட்டி வாங்கி வருகிறேன்.

எல்லாம் தவளைக்காகத்தான். நீங்கள் வைத்த பெயர்தான் இன்னும் வீட்டில். இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அவர் போனதிலிருந்து அவள் அழவே இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள், தூங்கு என்றால் கண்ணை மூடிக்கொள்கிறாள். தானாக வாயைத் திறப்பது இந்த இரைப் பேச்சுக்கு மட்டும்தான்.

போன வாரம் நான் மளிகைக் கடைக்குப் போய்விட்டு வந்தால் ஆளைக் காணோம். மூலையில் சாத்தியிருந்த அவருடைய தூண்டில் கம்பையும் காணோம். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. தெருமுனையில் தையல்கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார். கம்பு அவளைப்போல இரண்டு மடங்கு நீளம். மடியில் டிபன் டப்பா, அதற்குள் நான் குழம்புக்கு வாங்கி வைத்திருந்த பச்சை ஈரல். எங்கேடி கிளம்பினாய் என்று உலுக்கினேன். "ஏரிக்கு. அப்பா பிடிக்கப் போன கெளுத்தி இன்னும் அங்கதானேம்மா இருக்கு" என்றாள்.

அடிக்க ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல், "இரை சரியா வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன், தனியா மட்டும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஈரலை நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு, நூலால் சுற்றிக் கட்டுகிறோம். நூல் கண்டை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். முள்ளையெல்லாம் நான் ஒளித்து வைத்துவிட்டேன், ஊக்கில்தான் மாட்டுகிறோம். குளியலறை வாளியில் விட்டு நாலு ஆட்டு ஆட்டுவாள். தண்ணீர் சிவப்பாகிவிடும், ஊக்கு மட்டும் மேலே வரும். "அப்பா கட்டினா நிக்கும்" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்ப்பாள். கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். உப்பு முன்னாலா பின்னாலா, வெயிலா நிழலா, ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு நாள் மொட்டை மாடியில் காய வைத்தோம். பாதியைப் பூனை தூக்கிக்கொண்டு போனது. மீதி நாறியதில் கீழ்வீட்டம்மா மேலே வந்து, "என்னம்மா, உங்க வீட்ல எதாச்சும் செத்துக் கிடக்கா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட வாயை மூட முடியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணா. நான் சிரிப்பதைப் பார்த்து அவர்தான் அழுதார்.

உண்மையைச் சொல்கிறேன். இரை சரியாக வரக் கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் வேண்டிக்கொள்கிறேன். வந்துவிட்டால் அந்தக் கரைக்குப் போக வேண்டுமே. அவர் சறுக்கி விழுந்த அந்த வழுக்குப் பாறையில் அவளை எப்படி நிறுத்துவேன்? எனக்கு நீச்சலும் தெரியாது. ஆனால் வராமலே போனால் அவள் காத்திருக்க மாட்டாள். மறுபடி கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அன்று தையல்கடை பூட்டியிருந்தால்?

இன்னொன்றும் எழுத வேண்டும். காரியத்தன்று நீங்கள் வாசல் வரை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "கூட போறவன் அன்னிக்குப் பாத்து போகலையே" என்று என் நாத்தனார் புலம்பியது உங்கள் காதில் விழுந்திருக்கும். நானும் அப்படி நினைத்தேனா என்றால், நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் இப்போது தவளைக்கு லேசாக உடம்பு சுட்டாலே வாசலைத் தாண்ட எனக்கு மனம் வருவதில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் எப்படிக் கிளம்பியிருப்பீர்கள்? வரவில்லை என்று சொன்ன பிறகும் தனியாகப் போனது அவர். மழை பெய்த கரை என்று தெரிந்தும் போனது அவர். நான்தான் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

செய்முறையைத் தபாலில் எழுதி அனுப்பினால் போதும் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அது போதாது. தவளையை அந்தக் கரையில் யார் கையிலாவது விட வேண்டும் என்றால், அது உங்கள் கைதான். வேறு யாரையும் நான் நம்ப மாட்டேன். நூல் சிக்கினால் மாமா திட்டுவாரா என்று கேட்கச் சொன்னாள். திட்ட மாட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பிள்ளை நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். நீங்களும் நன்றாகத் தூங்க வேண்டும் அண்ணா.

என்றைக்கு வருவீர்கள் என்று மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை