பத்துக் கதவுக்கு ஒரே இலக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுங்கள். போனில் பாதிப் பேச்சு விழுங்கிப் போகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஆப்பிரிக்க நகரம் மாதத்துக்கு மாதம் பெருகுகிறது. நகரசபை எல்லா வீடுகளுக்கும் இலக்கம் கொடுக்கிறது. தண்ணீர் திறக்கும்போது, ஓர் இலக்கத்துக்கு ஒரு போன் என்று செய்தி போகும். வீடுகளைக் கணினியில் பதிவதுதான் என் வேலை.

போன வாரம் ஒரு பிழை விட்டேன். ஒட்டிக் கட்டிய பத்து அறைகளுக்கு ஒரே இலக்கம் போட்டுவிட்டேன். முதல் அறைக்காரிக்கு மட்டும் செய்தி போனது. அவரும் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு நாள் யாருமே தண்ணீர் பிடிக்கவில்லை.

எங்கள் பொறுப்பாளர் நஸ்ரின் அக்கா, நம் ஊர்ப் பக்கம் மாவனல்லைக்காரர், கேட்டார்: "என்ன தங்கச்சி, பத்துக் குடும்பத்தையும் ஒரே வீடா எழுதியிருக்கீங்க?"

"எங்க தோட்டத்துல தொழிலாளிங்க வரிசை வீடா இருக்கிற லயத்துக்குத்தாங்க நம்பர். வீட்டுக்கு இல்ல."

அவர் திட்டவில்லை. அன்றே போய்ப் பத்துக் கதவிலும் தனித்தனி இலக்கத் தகடு அடித்தேன். ஓர் அம்மா தன் தகட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டே நின்றார்.

மாவனல்லையில் நஸ்ரின் அக்கா வீட்டிலிருந்து இங்கே பார்சல் வருகிறது. அதில் புளிப்புக்குப் போட கொஞ்சம் கொரக்கா கொடுத்தனுப்புங்கள். இங்கே மீன்குழம்பு சரிவரவில்லை. நம் வீடு லயத்தில் ஏழாவதுதானே, கதவில் ஏழு என்று பெயின்டால் பெரிதாக எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள்.

என்னை வேலைக்கு ஏற்ற வந்த வாகனம் ஹார்ன் அடிக்கிறது. ஆபீஸ் படிவத்தில் நம் ஊர் வீட்டிலக்கத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை, அப்பா.

உங்கள் மகள்,
நிரோஷினி