இரண்டு மணி நேரப் பயணம்

அன்பு அம்மா,

முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

நேற்று நான் சமைக்கும் வீட்டுக்கு வந்த விருந்தாளி என் ஊரைக் கேட்டார். அசுன்சியோன் என்றேன். "பக்கத்து நாடுதானேம்மா. இங்க பியூனஸ் அயர்ஸ்ல பிளேன் ஏறினா ரெண்டு மணி நேரத்துல எறங்கிடலாமே," என்றார். நான் தலை நிமிரவில்லை.

அப்பாவின் அடக்கத்துக்கு, பஸ்ஸில் இருபது மணி நேரமாகும், வந்துசேர முடியாது என்று போனில் அழுதேனே, அது பொய். வீட்டுக்கார அம்மா அன்றே விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். விமான நிலையம் வரை போனேன். மூன்று வருடம் நான் பேசாமலிருந்த அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் திரும்பிவிட்டேன்.

குளிரக் குளிரக் குடிக்கும் நம்ம தெரெரேவில் போடக் கொஞ்சம் புதினா உலர்த்தி அனுப்பு. வேண்டாம், நானே வருகிறேன். என்னை உள்ளே விடுவாயா?

அடுப்பில் பால் பொங்குகிறது.

வெட்கத்துடன்,
நிமியா