பந்தய அறைக்கு வெளியே தொங்கும் பூட்டு

அனுப்புநர்
தையல்கார அம்மாவின் மகள்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
மாவு மில்லுக்கு எதிர்மாடி.

பெறுநர்
தொழிலாளர் நல ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: மாவு மில் மேல்மாடியில் கார் பந்தய வீடியோ கேம் ஆடும் வேலையில் உள்ளவர்களை வெளியிலிருந்து பூட்டி வைப்பது – பூட்டை அகற்றக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இது குறித்த எனது முந்தைய மனுவும், "விளையாட்டு தொடர்பானது, விளையாட்டுத் துறையை அணுகவும்" என்ற தங்கள் அலுவலகப் பதிலும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பதிலின்படி விளையாட்டுத் துறைக்குச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் என் மனுவைப் படித்துவிட்டு, "இதுல பந்து எங்கம்மா இருக்கு?" என்று கேட்டு, தங்கள் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பினார். வேலை இன்னதென்று நான் சரியாக விளக்காததே காரணம் என்று எண்ணி மீண்டும் எழுதுகிறேன்.

2. அந்த அறையில் என் அண்ணனும் இன்னும் ஐந்து பேரும் வேலை செய்கிறார்கள். கேமில் நல்ல கார்கள் முதலில் பூட்டியே இருக்கும். பந்தயங்களில் ஜெயித்து, கேமுக்குள் மட்டும் செல்லுபடியாகும் காசைச் சேர்த்தால்தான் அவை திறக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தங்கள் கேம் கணக்கையும் அதற்கான கூலியையும் இந்த அறையை நடத்தும் முதலாளியிடம் கொடுத்துவிடுகிறார்கள். காசு சீக்கிரம் சேரும் பாதை ஒன்றே ஒன்று என்பதால் அதையே அண்ணனும் மற்றவர்களும் காலை முதல் இருட்டும்வரை சுற்றுகிறார்கள். விசையில் ரப்பர் பேண்டு மாட்டிவிட்டால் கார் சுவரை உரசிக்கொண்டு தானே ஓடும். ஆனால் கேம் கம்பெனி அதைக் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கிவிடும். ஆகவே மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. கார் திறந்ததும் கணக்கு உரியவருக்குப் போய்விடும். சிறு வயதிலிருந்தே கார் பைத்தியமான என் அண்ணன், தான் திறந்த கார்களில் ஒன்றைக்கூட ஓட்டிப் பார்த்ததில்லை.

3. "ஃபேனுக்கு அடியில உக்காந்து விளையாடறதுக்குச் சம்பளமா? எங்க பையனுக்கும் ஒரு இடம் சொல்லுங்க" என்று அம்மாவிடம் துணி தைக்க வருபவர்கள் கேட்கிறார்கள். அம்மாவும் சிரித்துக்கொள்கிறார். இது வேலை என்று எங்கள் தெருவிலும் யாரும் நம்பவில்லை என்பதால் தங்கள் அலுவலகத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

4. முன்பு வேலை பார்த்த ஒருவர், புதிதாகத் திறந்த கார் இருந்த கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வெளியேறிவிட்டார். அன்றிலிருந்து முதலாளி கதவை வெளியே பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். கதவை ஒட்டிய சன்னலிலும் கம்பி இருக்கிறது. மதியச் சாப்பாட்டைக் கம்பி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

5. கடந்த வியாழக்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது, எல்லாத் திரைகளுக்கும் மின்சாரம் தரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. காலையில் தொடங்கிய நீண்ட பந்தயம் கடைசிச் சுற்றில் இருந்தது. இடையில் மின்சாரம் போனால் அத்தனையும் வீண். பிளக் இளகித் தொங்கியது. அதைப் பிடுங்கி எறிவதற்குப் பதில் அண்ணன் தன் சட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு அதை அழுத்திப் பிடித்தான். "ஓட்டுங்கடா, நான் புடிச்சுக்கறேன்" என்றான். மற்றவர்கள் ஓட்டினார்கள். ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை.

6. நான் முனை டீக்கடைக்கு ஓடி, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணனின் முதலாளியிடம் தீப்பிடிக்கிறது என்று சொன்னேன். "ரேஸ் முடிஞ்சுதா?" என்று கேட்டார். பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சாவியை எடுத்தார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிளக் கருகி, மின்சாரம் தானாகவே நின்றிருந்தது. பந்தயத்தில் ஜெயித்திருந்தார்கள். அண்ணனின் உள்ளங்கைத் தோல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

7. மறுநாள் புது பாக்ஸ் வந்தது. பூட்டு பழையதுதான். அண்ணன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் ஓட்டுகிறான். "ஒத்தக் கையிலயும் ஜெயிக்கிறான் பாரு" என்று முதலாளி மற்றவர்களிடம் அவனை உதாரணம் காட்டுகிறாராம். கட்டு மாற்றும்போது, தீ பெரிதாகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அவனைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "கடைசிச் சுத்துதானே பாப்பா" என்றான். ஐயா, எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

8. வேண்டாம் என்று தோன்றும்போது எழுந்து போக முடிவதுதான் விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். நான் நினைத்தது தவறென்றால் தாங்கள் திருத்தலாம்.

ஆகவே, சம்பளம் குறித்தோ நேரம் குறித்தோ நான் இப்போது எதுவும் கேட்கவில்லை. அந்தப் பூட்டை மட்டும் எடுக்கச் செய்யுங்கள். வேலை நேரத்தில் முன்னறிவிப்பின்றி வாருங்கள். தாங்கள் கதவைத் தட்டினால் அவர்களால் திறக்க முடியாது. சன்னல் வழியாகக் கூப்பிட்டாலும் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை எதிர்மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்,
தையல்கார அம்மாவின் மகள்
(கையொப்பம்)

இடம்: மாவு மில் சந்து
நாள்: மார்ச் 12